எலும்பே பற்றிக்கொள்ளும் மூட்டு



முழங்கால் மூட்டு மாற்று அறுவையைப் பற்றி இப்பகுதியில் எழுதுமாறு நெடுநாளாகவே பலர் கேட்டு வந்துள்ளனர். அண்மைக் காலமாக அக்கேள்வி ஒரு புதிய உருவம் எடுத்திருக்கின்றது. "சாமி, அம்மாவுக்கு மூட்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள். சிமெண்ட் வைத்தும் பொருத்தலாமாம். சிமெண்ட் இல்லாமலும் பொருத்தலாமாம். இல்லாததுதான் புதிது, விலையும் கூட என்கிறார்கள். எதைச் செய்யச் சொல்வது?" என்று பிள்ளைகள் கேட்கின்றனர். கேட்பவர் முகத்தில் இரண்டு கவலைகள் தெரிகின்றன. பெற்ற தாய்க்குக் குறைந்ததைச் செய்தான் என்ற பேச்சு உறவினரிடையே வந்துவிடக் கூடாதே என்பது ஒன்று. கையிருப்பு போதுமா, நகையை வைக்க வேண்டுமா என்பது மற்றொன்று. நாம் மருத்துவர் அல்லோம். எனினும் இவ்விரு கவலைகளுக்கும் உரிய விடை பெரும்பாலும் விஷயத்தைத் தெரிந்துகொள்வதிலேயே இருப்பதால், நாம் படித்தும் கேட்டும் தெளிந்தவற்றை இங்கே கூற விழைகின்றோம்.

முழங்காலில் தொடையெலும்பின் கீழ்நுனியும் கணைக்காலெலும்பின் மேல்நுனியும் சந்திக்கின்றன. அந்நுனிகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கின்றது. அதற்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பு இல்லாமையால் தேயத் தொடங்கும்போது அது நம்மிடம் முறையிடுவதில்லை. இரத்த ஓட்டம் இல்லாமையால் தேய்ந்தபின் பழையபடி வளர்வதும் இல்லை. வலி தெரியும்போது தேய்மானம் பாதி வழி வந்திருக்கும். முதுமை, உடற்பருமன், முன்பு பட்ட அடி, பரம்பரை ஆகியவை இதற்குக் காரணங்கள். ஆண்களைவிடப் பெண்களையே, அதிலும் மாதவிடாய் நின்ற பின், இது மிகுதியாகத் தாக்குகின்றது. முதல் வெள்ளிதோறும் நோயாளர்க்கு நற்கருணை கொண்டு செல்லும் எந்தக் குருவும், வீட்டினுள் நடக்க முடியாமல் கட்டிலோடு இருக்கும் தாய்மாரை எண்ணிச் சொல்ல முடியும்.

மூட்டு தேய்ந்தவர் அனைவர்க்கும் அறுவை வேண்டியதில்லை என்பதை முதலில் அழுத்திச் சொல்ல விரும்புகின்றோம். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து ஃபிராமிங்ஹாம் நகர மக்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து ஆராய்ந்த அறிஞர்கள் 1992-இல் ஒரு செய்தியை வெளியிட்டனர். பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 5 கிலோ எடை குறைத்த பெண்களுக்கு முழங்கால் மூட்டு நோய் வரும் வாய்ப்புப் பாதிக்கு மேல் குறைந்தது என்பதே அது. எடை ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகின்றது என 2005-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு கூறுகின்றது. தொடையின் முன்தசையை வலுவாக்கும் எளிய பயிற்சிகளும், ஓர் ஊன்றுகோலும் பல ஆண்டுகள் அறுவையைத் தள்ளிப்போட உதவும். ஊன்றுகோலை வலிக்கும் காலின் பக்கமாகவே பிடிப்பவர் மிகப் பலர், அது தவறு. வலது முழங்கால் வலித்தால் இடது கையில் பிடிக்க வேண்டும். மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் விழுங்குவது இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இவை எல்லாம் செய்தும் இரவில் வலி உறங்கவிடாமலும், வாசல்வரை நடக்க இயலாமலும் போனால்தான் அறுவையைப் பற்றிய பேச்சு எழ வேண்டும்.

அறுவை என்றதும் முழங்காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சுவோர் உளர். உண்மையில் எலும்பு நுனிகளில் தேய்ந்த பரப்பை மட்டும், பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான கனத்தில், சீவி எடுக்கின்றனர். பல் மருத்துவர் தேய்ந்த பல்லைச் செதுக்கித் தொப்பி போடுவது போன்றதே இது. தொடையெலும்பு நுனிக்குக் கோபால்ட்-குரோமியக் கலவையால் ஆன தொப்பி. கணைக்காலெலும்பின் தலைக்கு ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் இடையே குருத்தெலும்பின் வேலையைச் செய்யப் பாலிஎத்திலீன் என்னும் பிளாஸ்டிக் தகடு. தேவையெனில் முழங்கால் சில்லின் உட்புறத்திலும் ஒரு பிளாஸ்டிக் வில்லையைப் பொருத்துவர்.

இவ்வுலோகத்தை உயிருள்ள எலும்பின்மேல் எவ்வாறு நிலைநிறுத்துவது என்பதே நூறாண்டுக்கு மேலாக மருத்துவ உலகை அலைக்கழித்த கேள்வி. 1890-இல் பெர்லின் நகரில் தெமிஸ்டாக்ளிஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், எலும்புக் காசநோயால் அழிந்த முழங்காலுக்கு யானைத் தந்தத்தால் கீல் மூட்டு செய்து பொருத்தினார். அதை எலும்பில் பிடிக்க வைக்கப் பிசினும் நுரைக்கல் தூளும் பாரிஸ் சாந்தும் கலந்த கலவைகளையும் அவர் கையாண்டார். காசநோய்க் கிருமி குடிகொண்ட மூட்டில் அம்முயற்சி நிலைக்கவில்லை. ஆயினும் எலும்புக்குள் சாந்து வைக்கலாம் என்ற எண்ணம் அன்றே தோன்றிவிட்டது.

அவ்வெண்ணத்துக்கு வெற்றி தந்தவர் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி. லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய இவர், பல் மருத்துவர்கள் செயற்கைப் பல் செட்டுக்குப் பயன்படுத்திய அக்ரிலிக் என்னும் பொருளை 1950-களின் இறுதியில் இடுப்பு மூட்டில் கையாண்டார். பொடியையும் திரவத்தையும் குழைத்தால் மாவு போலாகி, சூடேறி, கால் மணி நேரத்துக்குள் கல்லாக இறுகிவிடும். இதைத்தான் எலும்புச் சிமெண்ட் என்கின்றனர். வீடு கட்டும் சிமெண்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை. இது பசையும் அன்று. ஒட்டுவது இதன் வேலை அன்று. கொத்தனார் கதவு நிலையைச் சுவரில் நிறுத்தி, சுற்றியுள்ள இடுக்குகளில் கலவையை நிரப்பி அசையாமற் செய்வது போல, எலும்பின் துளைகளிலும் உலோகத்தின் பள்ளங்களிலும் புகுந்து இறுகிப் பிடித்துக்கொள்கின்றது.

சார்ன்லியின் மருத்துவமனையிலேயே பயின்ற கனடா நாட்டவரான ஃபிராங்க் கன்ஸ்டன் 1968-இல் முழங்காலுக்கும் அம்முறையைக் கொண்டு வந்தார். 1974-இல் நியூயார்க் நகரில் இன்சால், ரணாவத், வாக்கர் ஆகிய மூவர் சேர்ந்து உருவாக்கிய மூட்டே இன்றைய முழங்கால் மூட்டுகளுக்குத் தந்தை எனலாம். இம்மூவருள் சித்தரஞ்சன் ரணாவத் மத்தியப் பிரதேசத்தில் பிறந்து இந்தூரில் மருத்துவம் கற்றவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இனி, சிமெண்ட் இல்லாத முறைக்கு வருவோம். அதன் கதை ஒரு முயலில் தொடங்குகின்றது. 1952-இல் சுவீடன் நாட்டில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆராய்ச்சியாளர், எலும்பினுள் இரத்தம் ஓடுவதைக் காண முயலின் கால் எலும்பில் டைட்டேனிய உலோகத்தால் ஆன சிறு கருவி ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஆய்வு முடிந்தபின் விலை உயர்ந்த அக்கருவியை மீட்டெடுக்க முயன்றபோது அது வரவில்லை. எலும்பு உலோகத்தைத் தன்னுடையதாக்கி இறுகப் பற்றியிருந்தது! 1965-இல் அவர் ஒருவரின் தாடையில் டைட்டேனியத் திருகுகளைப் பொருத்தினார். நாற்பதாண்டுக்கு மேல், அம்மனிதர் இறக்கும்வரை, அவை நிலைத்து நின்றன. இன்று பல் மருத்துவமனைகளில் 'இம்பிளாண்ட்' என்று கட்டும் பல்லின் பிறப்பு அதுதான்.

பல்லில் முடிந்தது முழங்காலில் முடியாதா? முடியும், ஆனால் எளிதன்று. எலும்பு உலோகத்தினுள் வளர்ந்து புக வேண்டுமானால் உலோகத்தின் பரப்பு பஞ்சு போலத் துளைகள் நிறைந்திருக்க வேண்டும். அத்துளைகள் 50 முதல் 400 மைக்ரான் வரை இருப்பது ஏற்றது என 1980-ஐ ஒட்டிய ஆய்வுகள் காட்டின. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே மைக்ரான். இன்னொரு நிபந்தனையும் உண்டு. வளரும் நாட்களில் உலோகம் எலும்பின்மேல் அசையக் கூடாது. 50 மைக்ரான் அளவுக்குள் அசைந்தால் எலும்பு வளர்கின்றது. 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்புக்குப் பதில் வெறும் நார்த் திசு வளர்ந்து மூட்டு ஆடத் தொடங்குகின்றது. நட்ட கன்றைத் தினந்தோறும் ஆட்டிப் பார்த்தால் வேர் பிடிக்குமா? அது போலத்தான். ஆதலின் எலும்பை மிகத் துல்லியமாகச் சீவி, உலோகத்தை அதன்மேல் இறுக அடித்துப் பொருத்த வேண்டியுள்ளது. சிமெண்ட் இருந்தால் சீவுவதில் நேரும் சிறு மேடு பள்ளத்தை அது நிரப்பிவிடும். சிமெண்ட் இல்லையேல் மன்னிப்பு இல்லை.

1980-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் அவருடைய தோழர்களும், சிறு உலோக மணிகளைப் பரப்பில் பதித்துத் துளைகள் உண்டாக்கிய முழங்கால் மூட்டைப் புழக்கத்துக்குக் கொண்டு வந்தனர். அக்காலத்தில் மாற்றிய மூட்டைச் சுற்றி எலும்பு கரைந்து போவதைச் சிமெண்டின் குற்றமாகவே பலர் கருதினர். 'சிமெண்ட் நோய்' என்றே 1987-இல் அதற்குப் பெயரிட்டு எழுதினர். சிமெண்டை நீக்கினால் நோயும் நீங்கும் என்பது நம்பிக்கை. ஆனால் சிமெண்ட் இல்லாத மூட்டுகளைச் சுற்றியும் எலும்பு கரைந்தது! தேய்ந்து உதிரும் பிளாஸ்டிக்கின் கண்ணுக்குத் தெரியாத துகள்களே பெரும் குற்றவாளி எனப் பின்னரே தெளிந்தது. தட்டை எலும்போடு பிணைக்க முடுக்கிய திருகுகளின் துளைகளே அத்துகள்கள் எலும்பினுள் இறங்கும் பாதையாயின. முழங்கால் சில்லுக்கு உலோக முதுகு வைத்துச் செய்த வில்லைகள் விரைவில் தேய்ந்து உடைந்தன. இவற்றால் 1990-களில் பெரும்பாலான மருத்துவர்கள் சிமெண்டுக்கே திரும்பிவிட்டனர். புதிது என்பதற்காகவே ஒன்றை மேலானது என்று கருதுவோர் இவ்வரலாற்றைச் சற்று நினைவிற் கொள்ளுதல் நலம்.

இன்று மீண்டும் சிமெண்ட் இல்லாத மூட்டு பேசப்படுவதற்குக் காரணம் பொருள்களில் ஏற்பட்ட முன்னேற்றமே. எலும்பின் உட்பகுதியைப் போலவே நுண்ணறைகள் நிறைந்த டான்டலம் என்னும் உலோகம் வந்தது. அதில் முக்கால் பங்குக்கு மேல் வெற்றிடம். அடுத்து, டைட்டேனியத் தூளை அடுக்கடுக்காக உருக்கி, வேண்டிய துளைகளோடு அச்சிட்டது போல வார்த்தெடுக்கும் முறை வந்தது. எலும்பிலேயே உள்ள தாதுவை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் பூச்சும் உண்டு. பிளாஸ்டிக் தகடும் முன்னைவிட உறுதியாயிற்று.

சரி, எது மேல்? இதற்குத் தென் கொரியாவின் சியோல் நகர மருத்துவர்கள் ஓர் அழகிய முறையில் விடை தேடினர். இரு முழங்கால்களும் தேய்ந்த 50 பேருக்கு ஒரு காலில் சிமெண்ட் வைத்தும், மற்றக் காலில் சிமெண்ட் இன்றியும் ஒரே மாதிரி மூட்டைப் பொருத்தினர். அதே மனிதர், அதே எடை, அதே நடை. ஒப்பிட இதனினும் நல்ல வழி இல்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் கவனித்து 2011-இல் முடிவை வெளியிட்டனர். கணைக்கால் தட்டு சிமெண்ட் வைத்தவற்றில் நூற்றுக்கு நூறும், இல்லாதவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டும் நிலைத்திருந்தன. வேறுபாடு இல்லை என்றே கொள்ளலாம். பொதுவாக முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் நூற்றுக்கு 82 இருபத்தைந்து ஆண்டுகள் நீடிக்கின்றன என, ஆஸ்திரேலிய, ஃபின்லாந்து நாட்டுப் பதிவேடுகளைக் கொண்டு 2019-இல் கணித்துள்ளனர். அப்பதிவேடுகளில் உள்ளவற்றில் மிகப் பல சிமெண்ட் வைத்தவையே.

ஆகவே, எழுபத்தைந்து வயதுத் தாய்க்குச் சிமெண்ட் வைத்த மூட்டைப் பொருத்துவதால் பிள்ளைகள் அவருக்கு எவ்விதக் குறையும் செய்தவர் ஆகார். எலும்பு மெலிந்தவர்க்கு அதுவே பொருத்தம் எனப் பல மருத்துவர்கள் கருதுகின்றனர். மெலிந்த எலும்பு வளர்ந்து பற்றுவது கடினம். கிருமியைத் தடுக்கும் மருந்தைச் சிமெண்டிலேயே கலந்து வைக்கலாம் என்பதும் அதன் சிறப்பு. மாறாக, ஐம்பது அறுபது வயதில் எலும்பு உறுதியாகவும், உழைப்பு மிகுந்தும், உடல் கனத்தும் இருப்பவர்க்குச் சிமெண்ட் இல்லாத மூட்டைச் சிலர் பரிந்துரைக்கின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்லச் சிமெண்ட் விரிசல் விடக் கூடும். உயிருள்ள எலும்போ தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும் என்பது அவர்கள் வாதம். சிமெண்ட் இறுகக் காத்திருக்கும் நேரமும் மிச்சம். ஆனால் எலும்பு பற்றிக்கொள்ள ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை சிலர்க்கு வலி சற்றுக் கூடுதலாக இருக்கலாம். அதற்காகப் படுத்தே கிடக்க வேண்டும் என்பதில்லை. எம்முறையாயினும் மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்கச் செய்வது இன்றைய வழக்கம்.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசுவோம். 2017 ஆகஸ்டில் நம் நாட்டின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளின் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு 54,720 ரூபாயும், டைட்டேனியம் போன்ற சிறப்பு உலோக மூட்டுக்கு 76,600 ரூபாயும், வரி நீங்கலாக, அன்று வரம்பாயின. அதற்குமுன் முதல் வகைக்கே ஒன்றரை இலட்சத்துக்கு மேல் வாங்கி வந்தனர். வரம்பு மூட்டுக்கு மட்டுமே. அறை வாடகைக்கும் மருத்துவர் கட்டணத்துக்கும் இல்லை. ஆதலின் மொத்தமாக ஒரு தொகை சொன்னால், மூட்டின் விலை எவ்வளவு, ஏனையவை எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அன்று. மருத்துவர் எம்முறையை மிகுதியாகச் செய்து பழகியவர் என்றும் கேளுங்கள். தமக்குப் பழகிய முறையில் கை தேர்ந்தவர் செய்வதே, பழகாத புதுமுறையை முயல்வதைவிட நோயாளிக்குப் பாதுகாப்பு என்பது நம் கருத்து. நிலத்தை விற்று விலை கூடியதை வாங்குவதினும், அத்தொகையில் ஒரு பங்கை அறுவைக்குப் பின் மூன்று மாதம் பிசியோதெரபிக்கும், வீட்டில் நாற்காலி போன்ற கழிப்பறை அமைப்பதற்கும் செலவிடுவது மேல். காலை மடக்கி நீட்டும் பயிற்சியை வலிக்கு அஞ்சி விட்டவர்க்கு எந்த உலோகமும் உதவாது. மருமகளோ மகளோ அருகில் இருந்து பயிற்சி செய்விக்கும் வீட்டில் நோயாளர் விரைவில் நடப்பதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அறுவை செய்துகொண்டவருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை என்பது பல நாட்டு அனுபவம். மாற்று மூட்டு இருபது வயதுக் காலைத் திருப்பித் தருவதில்லை. வலியைக் குறைத்து நடக்க வைக்கின்றது. சம்மணமிட்டு உட்காருவதையும் குந்துவதையும் பெரும்பாலான மருத்துவர்கள் விலக்கச் சொல்கின்றனர்.

முழந்தாளிடலாமா என்பது நம் தாய்மார் கேட்கும் முதற் கேள்வி. தழும்பின் வெளிப்புறத் தோல் மரத்திருப்பதால் பலர்க்கு அது கூச்சமாகவும் அச்சமாகவும் இருக்கும். புண் நன்கு ஆறியபின் மெத்தையின்மேல் சிறிது நேரம் முழந்தாளிடுவதைச் சில மருத்துவர்கள் அனுமதிக்கின்றனர். அவரவர் மருத்துவரையே கேட்க வேண்டும். திருப்பலியில் எழுந்தேற்ற வேளையில் உடல்நலக் குறைவால் முழந்தாளிட இயலாதோர் நின்று தாழ்ந்து பணிந்து வணங்கலாம் எனத் திருச்சபையின் திருப்பலி ஒழுங்குமுறையே கூறுகின்றது. நிற்கவும் இயலாதவர் உட்கார்ந்திருப்பதில் வெட்கத்துக்கு இடமில்லை; பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்க்கவும் வேண்டியதில்லை. வேளாங்கண்ணியில் மணற்பாதையில் முழந்தாளால் நடந்து செல்வதாக நேர்ந்துகொண்டு, அதற்குள் மூட்டை மாற்றிக்கொண்ட ஒரு தாய் நம்மிடம் கண்ணீரோடு வந்தார். நேர்ச்சையை மாற்றிக் கொடுக்கக் குருவுக்கு வழியுண்டு. அவ்வாறே செய்து அனுப்பினோம். அத்தகையோர் தயங்காது தம் பங்குத் தந்தையிடம் கேட்கலாம்.

இறுதியாக, நீரிழிவு உள்ளவர் அறுவைக்குமுன் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வர வேண்டும். சொத்தைப் பல், கால் புண் முதலியவற்றையும் முன்னரே கவனித்துக்கொள்ள வேண்டும். கிருமி புகுந்தால் சிமெண்ட் உள்ளதும் இல்லாததும் ஒன்றே. இரண்டையும் கழற்றி எடுக்க நேரிடலாம். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது, பொருத்திய மூட்டின் பெயர், அளவு, எண் ஆகியவை அச்சிட்ட ஒட்டுத்தாள்களின் பிரதியைக் கேட்டு வாங்கி, ஞானஸ்நானச் சான்றிதழும் வீட்டுப் பத்திரமும் வைத்திருக்கும் அதே பெட்டியில் வையுங்கள். பதினைந்து இருபது ஆண்டு கழித்து அம்மூட்டைத் திருத்த நேர்ந்தால், அன்று கத்தியை எடுக்கும் மருத்துவர் முதலில் கேட்பது அத்தாளைத்தான்.